இடனறிந்த வேட்டுவர் ஜிம் கார்பெட்

வள்ளுவனார் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியுள்ளார். ஒருவன் தன் வலிமையை எளிதில் எண்ணிப் பார்ப்பான். காலத்தையும் ஒருவாறு கணித்துக்கொள்வான். தான் காலூன்றப் போகும் நிலம் எத்தகையது என்பதை மட்டும் ஆராயாது விட்டுவிடுவான். வலையைத் தோளிற் சுமந்து எண்ணூர்க் கழிக்குச் செல்லும் மீனவர், நீரின் நிறம், ஏற்றவற்றம், காற்றின் திசை ஆகியவற்றைக் கண்டு தெளிந்த பின்னரே வலையை வீசுவர். மாதவரத்து ஏரிக்கரையிலே வளர்ந்த சிறுவன், எவ்விடத்துச் சேறு காலை வாங்கும், எவ்விடத்தில் நாரை இறங்கும் என்பதை நன்கறிவான். அவனையே அறியாத காட்டிற் கொண்டுபோய் விட்டால் என் செய்வான்? அறியாத நிலத்தை அறிந்த நிலமாக்கிக் கொள்ளுதலே ஒரு கலை. அக்கலையில் தலைசிறந்து விளங்கி, அதனால் எண்ணிறந்த ஏழை மக்களின் உயிரைக் காத்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்னும் ஜிம் கார்பெட் 1875 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலில் தோன்றினார். தந்தையார் கிறிஸ்டபர் வில்லியம் கார்பெட் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவராக இருந்தவர். அன்னையார் மேரி ஜேன் அம்மையார். 1881 இல் தந்தையார் காலமாக, பெரிய குடும்பத்தின் சுமை முழுவதும் அன்னையாரின் தோள்மேல் விழுந்தது. கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்து வந்தது. காலாதுங்கியின் வீட்டு வாயிலிலேயே காடு தொடங்கியது. அக்காடே சிறுவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. தமையனார் டாம் துப்பாக்கி பிடிக்கக் கற்பித்தார். குன்வர் சிங் என்னும் ஊர் வேட்டைக்காரர் காட்டின் நெறிகளைக் கற்பித்தார். இருகுழல்களுள் ஒன்று பிளந்துபோன பழந் துப்பாக்கி ஒன்றே சிறுவரின் முதற் கருவி. ஒரே குழலிற் சுட வேண்டியிருந்தமையால், ஒரு குண்டையும் வீணாக்காமல் நெடுநேரம் பார்த்திருந்து சுடும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே படிந்தது.

அவர் கற்ற பாடம் யாது? மண்ணிற் பதிந்த அடிச்சுவடு எவ்விலங்கினது, ஆணா பெண்ணா, இளையதா முதியதா, நடந்து சென்றதா விரைந்து ஓடியதா என்பதைப் பிரித்தறிதல். சுவட்டின் விளிம்பு சரிந்துளதா, அதனுள் பனித்துளி விழுந்துளதா, சிற்றெறும்பு புகுந்துளதா என்று நோக்கி அது பதிந்த நேரத்தைக் கணித்தல். மிதிபட்ட புல் மீண்டும் நிமிர எத்துணை நேரம் செல்லும் என்று அறிதல். இவை கண்ணின் பாடங்கள். செவியின் பாடங்கள் வேறு. புலியோ சிறுத்தையோ நடமாடுங்கால் கருமுக மந்தி மரவுச்சியினின்று எச்சரிக்கும், கேளையாடு குரைக்கும், கடமான் முழங்கும், மயில் அலறும். இக்குரல்கள் எத்திசையிலிருந்து எவ்வரிசையில் எழுகின்றன என்று கேட்டிருந்தால், கண்ணுக்குத் தோன்றாத விலங்கு எவ்வழியே செல்கின்றது என்பது புலப்படும். மக்கட்குப் புரியாத ஒரு நூலை அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார் என்றே சொல்லலாம்.

வறுமை காரணமாக உயர்கல்வியை நாடாது, இளமையிலேயே அவர் வங்காள வடமேற்கு இரயில்வேயில் வேலைக்கமர்ந்தார். பின்னர்க் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில், அகலப்பாதை வண்டிகளினின்றும் சரக்கை இறக்கி, ஆற்றைக் கடந்த மீட்டர்பாதைக்கு ஏற்றி அனுப்பும் ஒப்பந்த வேலையை மேற்கொண்டு, 20 ஆண்டுகள் வரை அங்கே உழைத்தார். மூட்டை சுமக்கும் தொழிலாளரோடு தாமும் சுமந்தார். துறைமுகமும் இரயில் முற்றமும் சூழ்ந்த வடசென்னையில் வாழ்வோர்க்கு அவ்வுழைப்பின் கடுமையை விரித்துரைக்க வேண்டா. அவர் புலிவேட்டைக்குப் புகழ்பெற்றது இவ்வேலையிலிருந்து விடுமுறை பெற்று வந்த நாட்களிலேயே ஆகும்.

1907 இல் குமாயூன் நாட்டிலே சம்பாவத் என்னும் ஊரைச் சூழ ஓர் ஆட்கொல்லிப் பெண்புலி திரிந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்று, அங்கிருந்து துரத்தப்பட்டு வந்து, இங்கும் 200 பேருக்கு மேற்பட்டோரை மாய்த்திருந்தது. அதனைக் கொல்லுமாறு அரசாங்கத்தார் கார்பெட்டை வேண்டியபோது அவர் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். பரிசுத் தொகை அறிவிப்பை நீக்க வேண்டும். அங்கே அனுப்பப்பட்டிருந்த பிற வேட்டைக்காரர் யாவரையும் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பணத்திற்காகக் கொல்பவன் என்னும் பெயர் தமக்கு வேண்டாமென்பதற்கு. இரண்டாவது, வேறு துப்பாக்கிகள் திரியும் காட்டிலே தவறிச் சுடப்படும் இடர் நேராமைப் பொருட்டு.

பாலி என்னும் சிற்றூரை அடைந்தபோது, அவ்வூர் மக்கள் பல நாட்களாகக் கதவைத் தாழிட்டு உள்ளேயே கிடந்தனர். அவர் முதலிற் செய்தது சுடுதல் அன்று, கேட்டறிதல். புலி எப்போது வந்தது, எவ்வழி சென்றது, பெண்கள் எங்கே புல்லும் தழையும் அறுத்தனர் என்று வினவி, அவ்விடங்களை நேரிற் சென்று கண்டார். பின்னர்ச் சம்பாவத்தில் ஒரு சிறுமி இரையானபோது, அதன் சுவட்டைத் தொடர்ந்து மலைச்சரிவினுள் இறங்கினார். அன்று புலி சிக்கவில்லை. ஆயினும் திரும்பும்போது நிலத்தின் அமைப்பை நன்கு மனத்திற் பதித்துக்கொண்டார். குதிரைலாடம் போல மலை வளைந்து சூழ்ந்த பள்ளத்தாக்கு. நீரோடை வெளியேறும் குறுகிய வாயில் ஒன்று. மலைமுகட்டிலிருந்து ஆரவாரம் எழுந்தால் விலங்கு அவ்வாயிலை நோக்கியே ஓடும் என்று துணிந்தார். மறுநாள் தாசில்தார் 298 பேரைத் திரட்டித் தந்தார். அவர்கள் முகடு நெடுக நின்று பறையறைந்தும் கல்லுருட்டியும் கூக்குரலிட்டும் கலைக்க, புலி அவர் எண்ணிய வழியிலேயே வந்து வீழ்ந்தது. அதன் வாயின் வலப்புறத்துக் கோரைப்பற்கள் பழைய குண்டடியால் முறிந்திருந்தன. இயற்கை இரையை வீழ்த்த மாட்டாமையே அதனை மனிதரை நாடச் செய்தது என்பதை அவர் உணர்ந்தார். அதுமுதல் ஒவ்வோர் ஆட்கொல்லியின் உடலையும் சோதித்து, அதனை அவ்வாறு ஆக்கிய ஊனம் யாதென்று ஆராய்வது அவர் வழக்கமாயிற்று.

காற்றைப் பற்றிய அவருடைய நுணுக்கமும் குறிப்பிடத்தக்கது. புலி தன் இரையை அணுகுங்கால் தன் மணம் காற்றில் முன்னே செல்லாதவாறு எதிர்காற்றிலேயே வரும். மனிதனுக்கு மோப்ப ஆற்றல் மிகக் குறைவென்று அது அறியாது; ஆதலின் மனிதனையும் மானைப் போலவே எண்ணி அவ்வாறே அணுகும். இதனை அறிந்தமையால், காற்று எத்திசை நோக்கிச் செல்கின்றதோ அத்திசையிலேயே தமக்கு இடருண்டு என்று கொண்டு அப்புறத்தையே கூர்ந்து நோக்குவார். காற்று முகத்திற் படும்படி நடக்க நேர்ந்தால் இடமும் வலமுமாக மாறிமாறிச் செல்வார்.

இவ்வளவு கற்றவரும் ஒருகாற் பிழைத்தார். சௌகர் ஆட்கொல்லியைத் தேடி 1929 இல் புறப்பட்டபோது, அது மக்களைக் கொன்ற ஊர்களை நிலப்படத்திற் குறித்து, காலா ஆகர் மலைத்தொடரின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஊர்களே மிகுதியாக இழந்துள்ளன என்று கண்டு, அங்கேயே தேடத் தொடங்கினார். நிலத்தைத் தேர்ந்ததிற் பிழையில்லை. ஆனால் அங்கே தாயும் வளர்ந்த மகளுமாக இரண்டு புலிகள் ஒருங்கே தோன்றின. வயதேற நிறம் வெளுக்கும் என்று கருதி, வெளுத்த நிறத்ததைச் சுட்டார்; வீழ்ந்தது மகள். தாய் தப்பியது, மேலும் பலர் உயிரிழந்தனர். இத்தவற்றை அவர் மறைத்திலர். தம் நூலிலே வெளிப்படையாக எழுதி வருந்தினார். 1930 ஏப்ரல் 11 ஆம் நாள் அத்தாய்ப்புலியை மிக அருகிலே எதிர்ப்பட்டு வீழ்த்தியபோது, அவர் இடக்கையில் அப்போதுதான் எடுத்த பறவை முட்டைகள் இருந்தன. 64 உயிர்களைக் கவர்ந்த கொடுமை அன்றோடு ஒழிந்தது.

எனினும், இடனறிதலுக்கு எடுத்துக்காட்டாக என்றும் நிற்பது ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையின் வேட்டையே. கேதாரத்திற்கும் பத்ரிநாத்திற்கும் யாத்திரிகர் செல்லும் வழியில், அளகநந்தாவும் மந்தாகினியும் கூடும் இடத்தைச் சூழ்ந்த நாட்டிலே, 1918 முதல் 1926 வரை அச்சிறுத்தை 125 பேரைக் கொன்றதாக அரசாங்கக் கணக்குக் கூறும். இருள் விழுமுன் கடைகள் அடைபடும், கதவுகள் தாழிடப்படும், பகலில் மக்கள் நிறைந்த பெருவழி இரவில் சுடுகாடாகும். பொறிகளும் நஞ்சும் பயன்படவில்லை, பெரும்பரிசுகளும் பயன்படவில்லை.

1925 இல் கார்பெட் அங்கே வந்து சேர்ந்தார். ஏறத்தாழ 500 சதுர மைல் பரப்புள்ள மலைநாடு. அதில் ஒரே ஒரு விலங்கு. அதுவும் இரவிலே மட்டும் வெளிப்படுவது. எங்கே தேடுவது? இடத்தை நன்கு நோக்கி, அவர் ஓர் எளிய உண்மையைக் கண்டார். அளகநந்தா அந்நாட்டை இரண்டாகப் பிளக்கின்றது. பனி உருகிப் பாயும் அவ்வாற்றை எவ்விலங்கும் காரணமின்றி நீந்தாது. கடப்பதற்கு ருத்திரப்பிரயாகையிலும் சத்துவாபிபலிலும் இரண்டே தொங்குபாலங்கள் உள்ளன. ஆகவே பாலத்தை அடைத்தால் தேட வேண்டிய நாடு பாதியாகக் குறையும். ஒரு பாலத்தை முள்ளிட்டு அடைத்துவிட்டு, மற்றதன் கோபுரத்தின்மேல் 20 இரவுகள் குளிரிலும் காற்றிலும் தனியே காத்திருந்தார். ஒரு நரியைத் தவிர வேறொன்றும் பாலத்தைக் கடக்கவில்லை. பத்து வாரங்கள் முயன்றும் சிறுத்தை அகப்படாமல், உடல் தளர்ந்து ஊர் திரும்பினார். அவரைக் குறை கூறினாரும் உளர். விட்டுச்சென்ற ஊர்களை எண்ணி அவர் உள்ளம் நொந்தார்.

மறு ஆண்டு வேனிலில் மீண்டும் வந்தார். இம்முறை, ருத்திரப்பிரயாகைக்கும் கோலாபராய் என்னும் யாத்திரிகர் தங்குமிடத்திற்கும் இடைப்பட்ட வழியிலே சிறுத்தை சராசரி ஐந்து நாட்களுக்கு ஒருமுறை நடக்கின்றது என்பதைத் தொடர்ந்த கவனிப்பால் அறிந்தார். வழியோரத்து மாமரம் ஒன்றில் அமர்ந்து, கீழே மணி கட்டிய ஆட்டை நிறுத்தி, பத்து இரவுகள் காத்திருந்தார். பயனில்லை. பதினோராம் இரவு மணி ஒலித்தது, மின்விளக்கைப் பொருத்தினார், சிறுத்தையின் உடல் தெரிந்ததும் சுட்டார், உடனே விளக்கும் அணைந்தது. விடியும்வரை முடிவு தெரியவில்லை. பொழுது புலர்ந்த பின்னரே அக்கிழச் சிறுத்தை சற்றுத் தொலைவில் மாண்டு கிடத்தலைக் கண்டார். 1926 மே 2 ஆம் நாள் செய்தி பரவ, மலைநாட்டார் கண்ணீரோடும் மலரோடும் வந்து சூழ்ந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் கதவுகள் இரவிலே திறந்தன.

கார்பெட்டைக் குற்றமேயற்றவராகக் கூறுதல் பொருந்தாது. ஆட்கொல்லியல்லாத புலிகளையும் அவர் வேட்டையாடியதுண்டு. 1930 இல் பவல்கரிலே பேருருவம் படைத்த ஆண்புலி ஒன்றைச் சுட்டதும் அத்தகையதே. ஆயினும் காட்டை அணுகியறிந்தவர் காட்டின் அழிவையும் முதலில் அறிந்தார். நாளடைவிற் படப்பெட்டியை மிகுதியாகக் கையாண்டு, புலிகளைப் படமெடுப்பதில் மகிழ்ந்தார். புலியைக் கொடிய விலங்கென்று பழிப்பதை மறுத்து, அது பெருந்தன்மை வாய்ந்த விலங்கென்று எழுதினார். 1936 இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, ஆளுநர் ஹெய்லியின் பெயரால் இராமகங்கை ஆற்றுப் பள்ளத்தாக்கிலே அமைந்தபோது, எல்லை வகுப்பதற்கு அவர் உதவினார்.

முதல் உலகப் போரில் குமாயூன் மக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாம் உலகப் போரில், முதுமையையும் நோயையும் பொருட்படுத்தாது, பர்மாப் போர்முனைக்குச் செல்லும் வீரர்களுக்குக் காட்டில் வழியறியவும் குறியறியவும் கற்பித்தார். 1944 இல் குமாயூன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவரது நூல் பம்பாயில் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்றது. 1947 இன் இறுதியில் தமக்கை மேகியுடன் கென்யா நாட்டிற்குக் குடிபெயர்ந்து, அங்கே நியேரி நகரில் 1955 ஏப்ரல் 19 ஆம் நாள் உயிர்நீத்தார். தாம் பிறந்த மலைநாட்டைவிட்டு நெடுந்தொலைவிலே அவர் உடல் அடக்கமாயிற்று. 1957 இல் அத்தேசியப் பூங்கா அவர் பெயரைத் தாங்கியது. 1968 இல் இந்தோசீனப் புலியினத்திற்கும் அவர் பெயரையே சூட்டினர். 1973 இல் இந்திய அரசாங்கத்தாரின் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அப்பூங்காவிலேயே.

1972 ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. வேட்டுவர் காலம் மறைந்தது. அவர் கற்ற கலை மறையவில்லை. முதுமலையிலும் ஆனைமலையிலும் முண்டந்துறையிலும் புலிகளைக் கணக்கிடும் வனக்காவலர், முதலில் காட்டுவழிகளில் நடந்து சுவடும் எச்சமும் நகக்கீறலும் குறித்துக்கொண்டு, புலி நடக்கும் வழி இன்னதென்று தெளிந்த பின்னரே தானியங்கிப் படப்பெட்டிகளைப் பொருத்துகின்றனர். துப்பாக்கி இருந்த இடத்திற் படப்பெட்டி வந்தது. முன்சென்று நிலமறியும் முறை மாறவில்லை.

மாணவ அன்பர்களே, கல்லூரியைவிட்டு நாம் புகும் உலகும் பெரும்பாலும் நாம் அறியாத நிலமே. அங்கே கையிலுள்ள கருவியை நம்பி விரைவோர் பலர். கார்பெட்டோ, ஊராரைக் கேட்டார், நிலத்தைப் பார்த்தார், இருபது இரவுகள் வீணாகியும் சோர்ந்திலர், பிழைத்தபோது பிழையென்று ஒப்பினார். அவர் குறிதவறாமற் சுட்டதைப் பின்னோர் புகழ்ந்தனர். அதற்கு முன் அவர் நடந்த பல நூறு மைல்களே அவ்வூர்களின் கதவைத் திறந்தன.