பிராங் ஹோண்பி: சிறுவர்க்குப் புகையிரதம் செய்த கணக்கர்

நீராவி இயந்திரத்தைத் தண்டவாளத்தில் ஓட்டிய ஜோர்ஜ் ஸ்டீபன்சனின் பெயரை நம் மாணவர் தயங்காது கூறுவர். அப்புகையிரதத்தை வீட்டுத் தரைக்குக் கொணர்ந்து சிறுவர் கையிலே கொடுத்த பிராங் ஹோண்பியின் வரலாற்றை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

ஹோண்பி 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் பட்டினத்திலே பிறந்தார். தந்தையார் உணவுப்பொருள் வணிகர். மைந்தனுக்கோ பள்ளிக்கூடம் கசந்தது. வகுப்புக்கு ஒளித்துத் திரிந்த நாள்களும் உண்டு. ஆசிரியனாகிய யான் இதனை எழுதக் கூசுகின்றேன்; எனினும் மறைத்தல் வரலாறாகாது. பதினாறாம் வயதிலே படிப்பை விடுத்துத் தந்தையாரிடம் காசாளரானார். 1887இல் கிளாரா என்னும் ஆசிரியையை மணந்தார். 1899இல் தந்தையார் காலமாகவே, எலியற் என்னும் இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கெழுதும் வேலையை ஏற்றார்.

அக்காலத்திலே தம் மைந்தர் இருவருக்கும் உலோகத் தகட்டை வெட்டிப் பாலம், வண்டி, பாரந்தூக்கி ஆகியவற்றின் உருவங்களைச் செய்து கொடுப்பது அவர் வழக்கம். ஒன்றுக்கென வெட்டிய துண்டு வேறொன்றுக்கு உதவாது. புதிய பொருள் வேண்டுமாயின் புதிதாகத் தகடு வெட்டல் வேண்டும். இக்குறையைப் போக்க அவர் கண்ட வழி மிக எளிது. அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவான துவாரங்களையுடைய பட்டைகளைச் செய்தார். அத்துவாரங்கள் திருகாணியும் சுரையும் கொண்டு பட்டைகளைப் பிணைப்பதற்கும் பயன்பட்டன. சக்கரத்தின் அச்சு நின்று சுழல்வதற்கும் பயன்பட்டன. இன்று பாலமாய் நின்றது நாளை கழற்றப்பட்டுப் பாரந்தூக்கியாகலாம். பொறியியலை முறையாகக் கல்லாத ஒருவர் இதனைக் கண்டார் என்பதே வியப்பு.

உரிமைப் பதிவுக்கு வேண்டிய 5 பவுண் அவரிடம் இருக்கவில்லை. எசமானராகிய எலியற்றிடமே கடன் பெற்று 1901 ஜனவரியிலே பதிவு செய்தார். எலியற் பின்னர் பங்காளியுமானார். பதினாறு வகை உறுப்புக்கள் கொண்ட பெட்டி விற்பனைக்கு வந்தது. லிவர்பூலிலே பொறியியற் பேராசிரியராயிருந்த ஹீல் ஷோ அதனைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். ஆயினும் 1903இல் ஏறத்தாழ 1,500 பெட்டிகள் விற்றும் ஆதாயம் கிட்டவில்லை. நாற்பது வயதைத் தொட்ட குடும்பத்தலைவர் ஒருவர், பகலில் பிறர் கணக்கை எழுதிக்கொண்டு, இவ்விளையாட்டுப் பொருளை நம்பியிருந்ததை அயலார் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். 1907இல் வேலையைத் துறந்து சொந்தத் தொழிற்கூடம் அமைத்தார். மெக்கானோ என்னும் பெயரும் அவ்வாண்டே பதிவாயிற்று. அடுத்த ஆண்டு கம்பனி பிறந்தபோது எலியற் அதிற் சேராது விலகிக்கொண்டார். 1914இல் லிவர்பூலின் பின்ஸ் வீதியிலே பெருந்தொழிற்சாலை எழுந்தது. 1916இல் மெக்கானோ சஞ்சிகையும் தொடங்கிற்று.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலச் சிறுவரின் பொம்மைப் புகையிரதங்களுட் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்தே வந்தன. போர் அவ்வணிகத்தைக் குலைத்தது. 1920இல் ஹோண்பி தம் பெயராலேயே புகையிரதத்தை வெளியிட்டார். தண்டவாளங்களின் இடைவெளி ஒன்றேகால் அங்குலம். சாவி கொடுத்தால் ஓடும். அம்முதல் வண்டிகளையும் திருகாணி கழற்றிப் பிரித்து மீண்டும் பூட்டலாம் என்பது அறியத்தக்கது. ஓட்டுவதோடு அமையாது, உள்ளிருப்பதையும் சிறுவன் காணவேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். பின்னாளில் வந்தவை கூடுதலான அழகுடையனவேனும் பிரிக்க இயலாதவை. எனக்கு அம்முதல் வண்டிகளிடமே மதிப்பு அதிகம். 1925இல் மின்சார வண்டியும் வந்தது. அது வீட்டு மின்சாரத்தையே நேரே பயன்படுத்தியது. தாய்மார் அஞ்சியிருப்பர்! விரைவிலே குறைந்த மின்னழுத்தத்துக்கு மாற்றினர். புகையிரத நிலையத்தின் அருகே நிறுத்துதற்கென வார்த்த சிறு மோட்டார் வண்டிகளே 1934 முதல் டிங்கி என்னும் பெயரால் உலகெங்கும் பரவின.

1931 முதல் 1935 வரை எவர்ட்டன் தொகுதிக்குக் கன்சர்வேற்றிவ் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஹோண்பி இருந்தார். நீரிழிவும் இருதய நோயும் வருத்த, 1936 செப்டெம்பர் 21ஆம் திகதி காலமானார். மூத்த மைந்தர் ரோலண்ட் தலைமையை ஏற்றார். முன்னையதினும் சிறிய, 16.5 மில்லிமீற்றர் இடைவெளியிலோடும் டப்ளோ வண்டிகள் 1938இல் வெளிவந்தன. அவற்றைக் காண ஹோண்பி இருக்கவில்லை.

1964இல் கம்பனி நட்டமுற்று, போட்டியாளராயிருந்த லைன்ஸ் சகோதரர் கைக்கு மாறியது. பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஹோண்பி என்னும் பெயரோ, அப்போட்டியாளர் மார்கேற் நகரிலே செய்துவந்த புகையிரதங்களின்மேல் ஏறி அமர்ந்தது.