முட்டைக்குள் வழி கண்டவர்

கொங்கு நாட்டில் கோழி அடை வைக்காத கிராமம் உண்டா? 21 நாளில் முட்டை பொரிகிறது. குஞ்சு எழுந்து நடக்கிறது, இரை பொறுக்குகிறது.

காலுக்குப் போக வேண்டிய நரம்பு காலுக்கே போயிருக்கிறது. இருட்டு முட்டைக்குள் அதற்கு வழி காட்டியது எது?

இதற்கு விடை தேடியவர் ஸ்பெயின் நாட்டு டாக்டர். அவர் பெயர் ரமோன் இ கஹால்.

இடுகாட்டில் பாடம்

கஹால் 1852-ம் ஆண்டு மே 1-ந் தேதி பிறந்தார். தந்தை வைத்தியர். மகனும் வைத்தியராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ படம் வரைவதில்தான் பித்து!

தந்தை கண்டித்தார். முடி திருத்தும் கடையிலும், செருப்புத் தைக்கும் கடையிலும் வேலைக்கு விட்டார். பையன் மாறவில்லை.

கடைசியில் மகனை இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே கிடந்த எலும்புகளை வரையச் சொன்னார். வரைய வரைய, மனித உடலைப் பற்றி அறியும் ஆசை பையனுக்குப் பிறந்தது. 1873-ல் டாக்டருக்குப் படித்துத் தேறினார்.

ராணுவ டாக்டராகக் கியூபா தீவுக்குப் போனார். மலேரியா காய்ச்சலோடு ஊர் திரும்பினார். ஆனாலும் சோர்ந்துவிடவில்லை. மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார்.

எறும்பும் வெல்லமும்

கோழிக் கருவை மெல்லிய சீவல்களாக அறுத்து, நரம்பு தெரியும்படி நிறம் ஏற்றிப் பார்த்தார். 1890-ல் ஒரு விந்தையைக் கண்டார். வளரும் நரம்பின் நுனியில் ஒரு சிறு கூம்பு! வழி தேடும் கை போல அது இருந்தது.

வெல்லத்தின் வாசனை பிடித்து எறும்பு வருகிறது அல்லவா? அதுபோல, வழியில் உள்ள உயிரணுக்கள் கசியவிடும் ரசாயனப் பொருளே நரம்பை இழுக்கிறது என்று 1892-ல் கஹால் கருத்துச் சொன்னார்.

அந்தப் பொருளை அவரால் எடுத்துக் காட்ட முடியவில்லை. நரம்பு ஆராய்ச்சிக்காக 1906-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தக் கருத்துக்கு மட்டும் சாட்சி கிடைக்கவில்லை. 1934-ல், தமது 82-வது வயதில் காலமானார்.

60 ஆண்டுக்குப் பின்

1994-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், ஆயிரக்கணக்கான கோழிக் கருக்களின் மூளையிலிருந்து அப்படி ஒரு பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதற்கு "நெட்ரின்" என்று பெயர். வழி நடத்துபவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது!

நரம்பு இழை மட்டுமல்ல. இளம் நரம்பணுக்களே இத்தகைய பொருள்களின் சைகையால் ஊர்ந்து போய்த் தம் இடத்தை அடைகின்றன. தாய் வயிற்றில் குழந்தையின் மூளை உருவாவதும் இப்படித்தான்.

கஹால் கையால் வரைந்த நரம்புப் படங்கள் இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அச்சாகின்றன. தந்தை தடுத்த அதே பித்துதான் அது!