எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் சமய ஒப்புக்கொடுத்தலும் காப்பிய வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயது நிறைந்த நிலையில் கிறித்தவத்தைத் தழுவியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). அவரது வாழ்க்கையைத் திருமுழுக்குக்கு முன், திருமுழுக்குக்குப் பின் என இரு கூறாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் உள்ளது. சாயர்புரத்தில் கழிந்த ஆண்டுகளையும், திருமுழுக்கிலிருந்து காப்பியத் தொடக்கம் வரையிலான இடைவெளியையும் கருத்தில் கொண்டு, அவரது முழுமையான ஒப்புக்கொடுத்தல் ஒரே நாளில் நிறைவுற்ற நிகழ்வன்று என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. தாம் பெற்றிருந்த கம்பன் கல்வியைப் புதிய சமயத்திற்கு உரியதாக்கிய நெடிய செயலிலேயே அது நிறைவெய்தியது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகம், சாயர்புரம், சரணாகதி, கம்பன் மரபு, சமய மாற்றம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை வளர்த்தோர் கிறித்தவத்தை அடைந்த வழிகள் வேறுபட்டவை. வீரமாமுனிவர் தம் சமயத்தைப் பிறந்த நாட்டிலிருந்தே கொண்டுவந்து, இங்கு வந்த பின் தமிழைக் கற்றார். தஞ்சை வேதநாயக சாத்திரியார் தந்தையின் வழியில் இளமையிலேயே கிறித்தவச் சூழலில் வளர்ந்தார். கிருஷ்ணபிள்ளையின் நிலை இவ்விரண்டிற்கும் வேறானது. தமிழ்ப் புலமையும் வைணவப் பற்றும் முதிர்ந்த பருவத்தில், குடும்பத் தலைவராகவும் ஆசிரியராகவும் இருந்த காலத்தில், அவர் தாமே ஆராய்ந்து முடிவெடுத்தார். ஆகவே அவர் விட்டவை எவை, உடன் கொண்டுசென்றவை எவை என்னும் வினா அவரது வாழ்க்கை வரலாற்றின் மைய வினாவாகிறது.

கிறித்தவக் கம்பர் என்னும் அடைமொழி அவருக்கு நிலைத்துவிட்டது. அவ்வடைமொழி அவரது புலமையைப் போற்றுகிறது. எனினும் கம்பனின் யாப்பையும் அணியையும் எடுத்துக் கிறித்தவப் பொருளுக்குப் போர்த்தியவர் என்ற எளிய கருத்துக்கும் இடந்தருகிறது. அக்கருத்து போதுமானதுதானா என்பதை அவரது வாழ்வின் கால வரிசையைக் கொண்டு சோதித்தறியலாம்.

பிறப்பும் கல்விச் சூழலும்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். எனவே கம்பன் பாடல்கள் கிருஷ்ணபிள்ளைக்கு ஏட்டுக் கல்வியாக அறிமுகமாகும் முன்னரே, வீட்டில் பயின்று வந்த பக்தி ஒழுகலாறாக அறிமுகமாயின. இராமகாதையை ஓதுவதும் கேட்பதும் வைணவ இல்லங்களில் வழிபாட்டின் பகுதியே. தாமிரபரணிக் கரையில் நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியும் பிற திருப்பதிகளும் அமைந்திருப்பதால், அந்நாட்டு வைணவம் தமிழ்ப் பாசுர மரபோடு பிரிக்க இயலாதவாறு இணைந்திருந்தது.

இக்கல்விச் சூழல் பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. அவருக்குத் தமிழ் இலக்கியமும் வைணவ சமயமும் இரு வேறு துறைகளாக வாய்க்கவில்லை. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்க இயலாது.

சாயர்புரமும் எதிர்ப்பும்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருநெல்வேலிப் பகுதி சீர்திருத்தக் கிறித்தவ இயக்கங்களின் முதன்மைக் களமாக விளங்கியது. ராபர்ட் கால்டுவெல் 1841ஆம் ஆண்டு முதல் இடையன்குடியைத் தமது பணித்தலமாகக் கொண்டிருந்தார். ஜி.யு. போப் சாயர்புரத்தில் இறையியல் கல்விக்கூடத்தை வளர்த்தார். கிறித்தவத்தைத் தழுவியோருள் நாடார் சமூகத்தவரே பெரும்பான்மையர்; வேளாளர் மிகச் சிலர். கிறித்தவப் பரவலை எதிர்த்து 1840களில் விபூதிச் சங்கம் என்ற அமைப்பு இப்பகுதியில் இயங்கியது. சமய மாற்றம் அன்று தனிமனிதரின் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. ஊர், குலம், நில உறவு ஆகிய அனைத்தையும் தொடும் பூசலாகவே இருந்தது.

இச்சூழலில், 1853ஆம் ஆண்டு சாயர்புரம் கல்விக்கூடத்திற்குத் தமிழாசிரியராகக் கிருஷ்ணபிள்ளை தேர்ந்தெடுக்கப்பெற்றார். அத்தேர்வை நடத்தியவர் கால்டுவெல். அப்போது கிருஷ்ணபிள்ளைக்கு வயது 26. கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும் வைணவ ஆசிரியர் என்ற நிலை நுட்பமானது. மிஷன் பள்ளிகளில் சமயம் மாறிய இளைஞர் பலர் மாணவராக இருந்து மாறியவர்கள். அவர்களுக்குக் கிறித்தவம் ஆசிரியரின் குரலில் வந்தது. கிருஷ்ணபிள்ளையோ ஆசிரியர் இருக்கையில் இருந்தவர். தம் புலமையின் மதிப்பை நிறுவனத்தார் அறிந்திருந்தமையால், அவர்களுக்குப் பணிந்துபோக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் கிறித்தவத்தின்பால் எதிர்ப்புணர்வு உடையவராகவே அங்குச் சென்றார்.

1853 முதல் 1858 வரையிலான காலத்தை ஆய்வாளர் ஓர் இடைக்காலமாகக் கருதி விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆனால் முடிவின் தன்மையை விளக்குவது இக்காலமே. விவிலியக் கல்வி நாள்தோறும் நிகழும் இடத்தில் வாழ்ந்தும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் தம் சமயத்தில் நின்றார். பணி வாய்ப்புக்காக மாறினார் என்னும் ஐயத்திற்கு இக்கால அளவே விடை தருகிறது. பணி அவருக்கு வைணவராக இருந்தபோதே கிடைத்துவிட்டது.

நண்பர் தனக்கோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் கிறித்தவத்தில் ஈடுபாடு கொண்டமை அவரது உள்ளத்தைக் கலக்கியது. அயல்நாட்டுப் போதகரின் வாதத்தை மறுப்பது ஒரு புலவருக்குக் கடினமன்று. உடன்பிறந்தானும் உயிர்நண்பனும் அதே வழியில் திரும்பும்போது வாதம் இல்லத்துக்குள் வந்துவிடுகிறது. மறுப்பதற்காகவேனும் அந்நூல்களைக் கற்க வேண்டிய நிலையை இது தோற்றுவித்தது.

1858: முடிவும் அதன் விலையும்

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கிருஷ்ணபிள்ளை சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் அவர் பெயரோடு சேர்ந்தன. 31ஆம் வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தன.

சமயம் மாறியோரின் சொத்துரிமையைக் காக்கும் சட்டம் 1850ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. எனினும் பந்தியில் இடம், திருமணத் தொடர்பு, ஈமக்கடனில் மகனுக்குரிய பொறுப்பு ஆகியவற்றை எந்தச் சட்டத்தாலும் மீட்டுத்தர இயலாது. தந்தை இராமகாதை ஓதிய இல்லத்தின் மகன், அவ்வில்லத்தின் வழிபாட்டிலிருந்து தாமாகவே விலகினார் என்பதே அந்நாளின் உண்மையான பொருள்.

முன்னைப் பெயரை அவர் நீக்கவில்லை என்பது கவனத்திற்குரியது. கிறித்தவப் பெயரின் பின்னே கண்ணனின் பெயர் இறுதிவரை நின்றது. பிள்ளை என்னும் குலப்பட்டமும் நின்றது. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென ஆங்கிலத் திருச்சபைப் பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருந்தார். தஞ்சையில் அது பெரும் பிணக்கை எழுப்பியது. வேளாளக் கிறித்தவர் பலர் பட்டத்தைத் தொடர்ந்தமை அக்காலப் பொது வழக்கு. பட்டத்தை மட்டும் கொண்டு கிருஷ்ணபிள்ளையின் சாதி பற்றிய கருத்தை வரையறுப்பது பொருந்தாது. ஆயினும் முழுமையான சமய ஒப்புக்கொடுத்தல் என்பது சமூக அடையாளம் அனைத்தையும் களைந்துவிடுவதாக அன்று பொருள்படவில்லை என்பதற்கு அப்பெயரே சான்றாகிறது.

சென்னையில் அவர் பீட்டர் பெர்சிவலின் தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பின்னர் திருநெல்வேலிப் பகுதிக்குத் திரும்பி மிஷன் கல்வி நிறுவனங்களிலும், பிற்காலத்தில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் ஆசிரியப் பணி புரிந்தார். வாழ்நாள் முழுவதும் அவர் போதகராகவன்றித் தமிழாசிரியராகவே இருந்தார்.

இருபது ஆண்டு இடைவெளி

கிருஷ்ணபிள்ளையின் பெருங்காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் 1878ஆம் ஆண்டு முதல் நற்போதகம் இதழில் தொடராக வரத் தொடங்கியது; 1894இல் நூலுருப் பெற்றது. தொடர் தொடங்கியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். திருமுழுக்கிற்கும் காப்பியத் தொடக்கத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள் உள்ளன. கம்பனின் யாப்பை மட்டும் மாற்றுப்பொருளுக்குப் பயன்படுத்துவதே நோக்கமாயின், யாப்பில் வல்ல புலவருக்கு இத்துணைக் காலம் தேவையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அவரிடம் இருந்த கவிமொழி முழுவதும் திருமாலின் அருளைப் பாடப் பழகிய மொழி. சரண் புகுதல், அடியார்க்கு எளியனாதல், தகுதியற்றவனையும் வலிய வந்து ஆட்கொள்ளுதல் முதலிய சொல்லாட்சிகள் ஆழ்வார் பாசுரத்திலும் கம்பனிலும் ஊறியவை. வீடணன் அடைக்கலம் புகும் நிகழ்வு வைணவ உரைமரபில் சரணாகதிக்குரிய சிறந்த எடுத்துக்காட்டு. தன் முயற்சியால் அன்றி இறையருளால் மட்டுமே மீட்பு என்னும் சீர்திருத்தக் கிறித்தவக் கொள்கையைத் தமிழில் உணர்ச்சியோடு சொல்ல இம்மொழியைவிடப் பொருத்தமானது இல்லை. அதே வேளையில் பழைய சமயத்தை மீண்டும் நினைவூட்டும் இடர் மிக்கதும் அதுவே. அம்மொழியை மீண்டும் கையிலெடுக்கும் முன், அது யாரைச் சுட்டுகிறது என்பதில் பாடுபவருக்கு ஐயமற்ற தெளிவு வேண்டும். இருபது ஆண்டு இடைவெளியை இத்தெளிவு முதிர்ந்த காலமாகக் கொள்ள இடமுண்டு.

இரு சமயங்களையும் ஒன்றென அவர் கருதியதாகக் கொள்ளுதல் தவறாகும். இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் நூலில் கிறித்தவமே மீட்பின் வழி என்பதை அவர் வாதிட்டு நிறுவ முயன்றார். கொள்கையில் சமரசம் செய்யாதவர், மொழியில் மட்டும் முன்னை மரபின் செல்வத்தை விட மறுத்தார். இவ்விரண்டும் ஒருவரிடமே அமைந்தமைதான் அவரது தனித்தன்மை.

காப்பியத்தில் புலப்படும் வாழ்வு

இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை உருவகக் கதையை முதனூலாகக் கொண்டது. அதன் தமிழ் உரைநடை மொழிபெயர்ப்புகள் முன்னரே இருந்தன. கிருஷ்ணபிள்ளை அதனை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்து, இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களோடு 3766 பாடல்களில் பாடினார்.

முதனூலின் தலைவன் அழிவுக்குரிய நகரை விட்டுத் தனியே புறப்படுகிறான். மனைவியும் மக்களும் அழைக்கவும் செவியைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இல்லறப் பிணைப்பை உயர்வாகப் போற்றும் தமிழ்க் காப்பிய மரபுக்கு இக்காட்சி இணக்கமற்றது. எனினும் நாடு துறந்து கானகம் செல்லும் இராமனின் கதையில் ஊறியவருக்குப் பிரிவின் அவலம் அயலானதன்று. காப்பியத்தின் ஒவ்வொரு நிகழ்வையும் கவிஞரின் வாழ்வுக்கு நேராகப் பொருத்துதல் முறையன்று. ஆயினும் உற்றாரின் சமயத்தை விட்டுப் புறப்பட்ட ஒருவர் இக்கதையைத் தேர்ந்தது தற்செயலாக நிகழ்ந்திருக்க இயலாது.

முதனூலினின்று அவர் வேறுபடும் இடங்கள் இன்னும் தெளிவானவை. பனியன் சிலுவையைத் தலைவனின் பாவச்சுமை கழன்று விழும் இடமாகச் சுருங்கக் காட்டி மேற்செல்கிறார். கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் கிறித்துவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். உருவகக் கதைக்குள் வரலாற்று நாயகன் ஒருவனின் சரிதம் இடம்பெறும்போது நூலின் அமைப்பே மாறுகிறது. காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தமிழ் மரபு. பாவச்சுமை தாங்கி நடக்கும் பயணி அத்தகைய தலைவனாக இயலாது. எனவே யாத்திரிகனின் கதையினுள் மீட்பரின் கதையை அவர் அமைத்தார். கவிஞரின் பக்தியும் காப்பிய இலக்கணமும் இங்கு ஒரே தேவையை உணர்த்தின.

தேவாரம் என்னும் பெயரில் அமைந்த இசைப்பாடல்கள் மற்றொரு வேறுபாடு. முதனூலின் கதைசொல்லி விலகி நின்று கனவைக் கூறுகிறான். தமிழ் நூலில் கதையோட்டம் நின்று, இறைவனை முன்னிலைப்படுத்தி நெஞ்சம் கசிந்து பாடும் குரல் எழுகிறது. கம்பனைப் பின்பற்றியவர் என்ற மதிப்பீட்டுக்குள் அடங்காத பகுதி இது. காப்பியப் புலவரைவிடப் பாசுர மரபின் அடியாரே இங்கு முன்னிற்கிறார். பிற்காலத்துப் போற்றித் திருஅகவலும் இரட்சணிய மனோகரமும் இக்குரலின் தொடர்ச்சிகள்.

முடிவுரை

கிருஷ்ணபிள்ளை 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவரது வாழ்வின் கால வரிசை மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. சாயர்புரத்தில் அவர் காட்டிய நீண்ட எதிர்ப்பு, அவரது முடிவு ஆராய்ந்து எடுத்ததென உணர்த்துகிறது. திருமுழுக்கு உறவையும் வழிபாட்டையும் மாற்றியதே அன்றிக் கவிமொழியை உடனே மாற்றவில்லை. அம்மொழி புதிய சமயத்திற்கு முழுவதும் உரியதாக மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

ஆகவே இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பனின் வடிவமும் பனியனின் பொருளும் இணைந்த நூலென மதிப்பிடுதல் குறையுடையது. 1858இல் தம்மை ஒப்புக்கொடுத்தவர், தம்மிடம் இருந்தவற்றுள் மிக உயர்ந்ததை ஒப்புக்கொடுத்து முடித்த செயலாக அந்நூலைக் கற்பது பொருத்தமுடையது. தந்தையிடம் பெற்ற இராமகாதைக் கல்வியே அச்செல்வம். சமய மாற்றத்தை இழப்பாகவோ வெற்றியாகவோ மட்டும் காணும் இரு நோக்குகளும் இவ்வாழ்வை விளக்கப் போதா. தமிழ் அறிந்த மனம் ஒன்று தான் விட்டதன் மொழியிலேயே தான் அடைந்ததைப் பாடிய வரலாறாக அதனைக் காணும்போது, 19ஆம் நூற்றாண்டின் பிற சமய மாற்ற வரலாறுகளையும் மறுவாசிப்புச் செய்ய வழி பிறக்கும்.