நூல் வளர்த்த நிலம்

இலண்டன் மாநகரில் 1866ஆம் ஆண்டு செல்வக் குடியில் பிறந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரை, 1902இல் வெளிவந்த பீட்டர் முயலின் கதையால் உலகம் அறியும். அக்கதைகள் ஈட்டிய பொருள் எங்கே சென்றது என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த லேக் டிஸ்ட்ரிக்ட் வட்டாரத்தில், 1905இல் ஹில் டாப் என்னும் பண்ணையை அம்மையார் வாங்கினார். ட்ரவுட்பெக் பார்க் என்னும் பெரும்பண்ணை வீட்டுமனைகளாகக் கூறுபடும் என்ற அச்சம் எழவே, 1923இல் அதனையும் வாங்கினார். 1927இல் வின்டர்மியர் ஏரிக்கரை நிலமொன்றைக் காக்க, தாம் வரைந்த படங்களை அமெரிக்க வாசகர்களுக்கு விற்று நிதி தந்தார்.

நிலத்தைக் காப்பது அதனை நம்பி வாழும் உழவரையும் காப்பதே என்பது அம்மையார் கொள்கை. அவர் போற்றி வளர்த்த ஹெர்ட்விக் செம்மறிகள் வேலியில்லாக் குன்றிலும் தம் எல்லையை அறியும். அவ்வறிவைக் குட்டி தாயிடம் கற்கும். மந்தை விற்றுப்போனால் அதுவும் அழியும்.

1943இல் அம்மையார் மறைந்தார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் விருப்பப்படி நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையைச் சேர்ந்தது. குன்றுப் பண்ணைகளில் ஹெர்ட்விக் இனமே வளர வேண்டும் என்றும் அவர் எழுதிவைத்தார்.

ஆடுகள் மிகுந்தால் இளமரங்கள் தழைக்கமாட்டா என இன்றைய ஆய்வாளர்கள் கூறுவதும் உண்மையே. ஆடு எத்தனை, மரம் எங்கே என்று இன்று எண்ணிப் பார்க்க இயல்வதும், அந்நிலம் மனைகளாகச் சிதறாமல் நின்றதனால் அன்றோ!