ஸ்பைடர்மேன் ஆறுமுகம்: சிலாங்கூரின் நீண்ட கைகள்

காற்பந்தில் கோல் அடித்தவரின் பெயர் ஊருக்கே தெரியும். கோலைத் தடுத்தவரின் பெயர் அடுத்த ஆட்டம் வரை நினைவில் இருந்தாலே பெரிது. இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டியவர் ஆர். ஆறுமுகம். 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் மெர்டேக்கா அரங்கில் ஆட்டம் பார்த்த எந்தப் பெரியவரிடமும் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மலாய்க்காரராக இருந்தாலும் சீனராக இருந்தாலும் நம்மவராக இருந்தாலும் முதலில் கையை அகல விரித்துக் காட்டுவார். அதன் பிறகுதான் பேச்சு வரும். அந்தக் கைகளுக்காகவே இரசிகர்கள் அவருக்கு ஸ்பைடர்மேன் என்று பெயர் வைத்தார்கள்.

ஆறுமுகம் ரெங்கசாமி பிறந்தது 1953 ஜனவரி 31-ஆம் நாள். மலேசியக் காற்பந்தின் அரசன் என்று இன்றும் போற்றப்படும் மொக்தார் டஹாரி பிறந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். இருவரும் சிலாங்கூர் ஆட்டக்காரர்கள். ஒருவர் முன்னால் நின்று கோல் போட, மற்றவர் பின்னால் நின்று கோலைக் காத்தார். நடுவில் தற்காப்பைத் தாங்கியவர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். ஒரு தமிழர், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர். இந்த நால்வரையும் யாரும் இனக் கணக்குப் பார்த்துப் பொறுக்கி எடுக்கவில்லை. அவரவர் இடத்தில் அவரவரை விடச் சிறந்தவர் இல்லை என்பதால் அந்த இடத்தில் நின்றார்கள்.

கோல் கம்பம் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்டது. அதன் நடுவில் நிற்கும் ஒருவர் இரு பக்கமும் பாய்ந்தே அதை மூட வேண்டும். கை நீளமாக இருந்தால் பாய்ச்சலில் ஓர் அரை அடி மிச்சமாகும். பல நேரங்களில் அந்த அரை அடிதான் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இருக்கும். ஆனால் கை நீளம் மட்டும் ஒருவரைக் கோல் காவலர் ஆக்கிவிடாது. பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் பந்தை எப்போது வெளியே வந்து பிடிப்பது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்ற முடிவைக் கண் இமைக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். தப்பினால் அரங்கமே ஏசும்.

அந்தக் கால நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.  மாலை மழை பெய்தால் மெர்டேக்கா திடலில் கோல் கம்பத்தின் முன்புறம் சேறாகிவிடும். பந்து ஊறிக் கனக்கும், வழுக்கும். எதிரணியினர் முட்டி மோதி வந்து விழுவார்கள். ஒரு வசதி மட்டும் இருந்தது. சொந்த அணியினர் காலால் தட்டித் தரும் பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தடை செய்யும் விதி 1992-இல்தான் வந்தது.

ஆறுமுகம் தேசிய அணிக்குள் நுழைந்த காலம் நம் நாட்டுக் காற்பந்தின் நல்ல காலம். 1972-இல் மலேசியா முதன்முறையாக மியூனிக் ஒலிம்பிக்கில் காற்பந்து ஆடி, அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்று திரும்பியிருந்தது. அந்த அணியின் மூத்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற, இளைஞர்கள் அந்த இடங்களை நிரப்பினார்கள். கோல் கம்பத்தின் நடுவில் வந்து நின்றவர் ஆறுமுகம். பத்தாண்டுக்கும் மேல் அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. வெளிநாட்டுக் கழகங்களுக்கு எதிரான ஆட்டங்களையும் சேர்த்தால், நாட்டின் சட்டையில் அவர் ஏறக்குறைய 200 முறை களம் இறங்கியிருக்கிறார்.

அந்தத் தலைமுறை சேர்த்த பெருமைகள் சிறியவை அல்ல. மெர்டேக்கா கிண்ணத்தை மலேசியா 1973, 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1974-இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுப் போட்டியின் தங்கம் நமக்கே வந்தது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் சொந்த மண்ணில் ஆடிய இந்தோனேசியாவை 1-0 என்று வீழ்த்தியது நம் அணி. ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு ஒரு தங்கத்தை வீட்டுக்குக் கொண்டு வருவது என்றால், பின்னால் நின்றவர்களின் உழைப்பு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

மாநில அளவில் மலேசியக் கிண்ணம்தான் எல்லாம். 1921-இல் மலாயாக் கிண்ணம் என்று தொடங்கி 1967-இல் பெயர் மாறிய அந்தப் போட்டியில் சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதினால் வேலை வெட்டியை விட்டுவிட்டு மக்கள் கூடுவார்கள். 1975, 1976, 1978, 1979, 1981 ஆகிய ஐந்து ஆண்டுகளில் சிலாங்கூர் இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை வென்றது. 1980-இல் மட்டும் சிங்கப்பூர் 2-1 என்று பழி தீர்த்துக்கொண்டது. அந்த ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டவர் அப்போது பதின்ம வயதுப் பையனாக இருந்த பாண்டி அஹ்மாட்.

இந்த 1980-ஆம் ஆண்டுதான் ஆறுமுகத்தின் வாழ்க்கையில் மிக உயர்ந்த ஆண்டு. மிகக் கசப்பான ஆண்டும் அதுவே.

அவ்வாண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகியவை வந்தன. இடம் ஒன்றுதான். பிரிவு ஆட்டத்தில் தென் கொரியாவை மலேசியா 3-0 என்று தோற்கடித்தது. ஆனால் அதோடு முடியவில்லை. முதல் இரண்டு இடங்களைப் பிடித்த இதே இரு அணிகளும் ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மீண்டும் மோத வேண்டியிருந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. சந்தோக் சிங் ஒரு கோல் போட்டார். கொரியா சமன் செய்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, சபாவிலிருந்து வந்த ஹசான் சானி தந்த பந்தை அதே சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். 2-1. மலேசியா மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது.

பயணம் மட்டும் நடக்கவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் சேர்ந்தது. நமக்குப் பதிலாக ஈராக் போய் ஆடியது. அரசின் முடிவுக்கு அரசியல் காரணம் இருந்தது. ஆனால் சேற்றில் விழுந்து புரண்டு அந்த இடத்தைப் பிடித்தவர்களுக்கு அது ஆறாத வடுவாகவே இருந்தது. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. அடுத்த ஒலிம்பிக்குக்கு இன்னும் நான்கு ஆண்டுகள். அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்ப வரவே இல்லை. மலேசியக் காற்பந்து அணியும் அதன் பிறகு இன்று வரை ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரான்சில் காற்பந்து 1932-லேயே தொழில்முறை லீக் ஆகிவிட்டது. ஆறுமுகம் மாஸ்கோ வாய்ப்பை இழந்த அதே 1980-இல் நாந்த் அணி பிரான்சின் முதல் பிரிவில் வாகை சூடியது. அந்த அணியின் கோல் காவலருக்குப் பந்து பிடிப்பதுதான் பிழைப்பு. அதற்கே அவருக்குச் சம்பளம். நம் நாட்டில் நிலைமை வேறு. ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய், மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். ஆட்டத்துக்குப் படித்தொகை கிடைக்கும். காயம் பட்டால் வேலையும் கேள்விக்குறிதான். மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989-இல். முழுத் தொழில்முறை லீக் 1994-இல் வந்தது.

ஆறுமுகம் அதைப் பார்க்கவில்லை. 1988 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. சாலை விபத்தில் அவர் உயிர் பிரிந்தது. 36-ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் ஆறு வாரங்களே இருந்தன. காற்பந்து சம்பளம் தரும் தொழிலாக மாறப்போகும் புத்தாண்டுக்கு இரண்டு வாரங்கள். ஆடி முடித்தவர்களுக்குப் பயிற்றுநர் வேலை, தொலைக்காட்சி விமர்சனம் என்று வழிகள் திறக்கவிருந்த நேரம். ஒரு கோல் காவலரின் அனுபவம் வயதாக வயதாகத்தான் முதிரும் என்பார்கள். அந்த அனுபவத்தை அடுத்தவருக்குக் கொடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்றாண்டுக்குள், 1991 ஜூலையில், மொக்தார் டஹாரியும் நரம்பு நோயால் காலமானார். 1953-இல் பிறந்த அந்த இருவரும் நாற்பதைத் தொடவில்லை.

2016-இல் ஓலா போலா என்ற மலேசியப் படம் வந்தது. 1980 தகுதிச் சுற்றை அடிப்படையாக வைத்து இயக்குநர் சியூ கெங் குவான் எடுத்த படம். அதில் முத்து என்ற தமிழ்க் கோல் காவலர் வருவார். அந்தப் பாத்திரத்துக்கு ஊக்கமாக இருந்தவர் ஆறுமுகம்தான். படம் பார்த்த நம் பிள்ளைகள் பலர் முத்துவைத் தெரியும் என்கிறார்கள். ஆனால் முத்து கற்பனை மனிதர். அவர் வீட்டில் நடப்பவை கதைக்காக எழுதப்பட்டவை. ஆறுமுகத்தின் வாழ்க்கையை அந்தப் படத்திலிருந்து எடுத்துச் சொல்வது சரியாகாது. இன்னொன்று, படத்தில் அணி வெற்றிக் களிப்போடு நிற்கிறது. உண்மையான ஆறுமுகம் அதன் பிறகு மாஸ்கோ இல்லாத எட்டு ஆண்டுகளை வாழ்ந்தார். பிள்ளைகளிடம் அந்தப் பாதியையும் சொல்ல வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு.

ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு திடல் இருந்த காலத்தில் காற்பந்து நம் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்தது. ஆலைச் சங்கு ஊதியதும் பெரியவர்களே பந்தோடு இறங்குவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பிறகு அந்தத் திடல்களும் போயின. அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பையன் இன்று பந்து உதைக்க வாடகைத் திடலைத் தேட வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். தேசிய அணியில் நம்மவர் பெயர்கள் குறைந்து போனதற்குத் திறமை இல்லாதது மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால், இதையும் எடுத்துக் காட்டலாம். 2010-இல் மலேசியாவுக்கு ஆசியான் கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால் நம்மவரே. ஆறுமுகத்தின் காலத்தில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். விதை நல்ல விதைதான். மண்தான் சுருங்கிவிட்டது.

ஆறுமுகம் நின்ற இடத்தைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கவோ, பூமாலை வாங்கவோ, காசு மாற்றவோ மஸ்ஜித் இந்தியாவுக்கு வருபவர்கள் நம்மில் ஏராளம். அங்கிருந்து துன் பேராக் சாலையைத் தாண்டி, புடுராயா பக்கமாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் மெர்டேக்கா அரங்கம் வந்துவிடும். 1957-இல் துங்கு சுதந்திரத்தை முழங்கிய அதே இடம். பெரிய ஆட்டங்கள் 1998-இல் புக்கிட் ஜாலிலுக்குப் போய்விட்டன. பழைய அரங்கத்தை இடித்துவிடாமல், தொடக்கத்தில் இருந்த வடிவத்துக்கே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 118 மாடிக் கோபுரம் வானத்தைத் தொட்டு நிற்கிறது. வருகிறவர்களின் கண்கள் எல்லாம் அந்தக் கோபுரத்தின் மேல்தான்.

அடுத்த முறை பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் புல்தரையின் இரு முனைகளில் ஒன்றில், ஒரு தமிழர் கைகளை விரித்து நின்றபோது ஐம்பதாயிரம் பேர் எல்லா மொழியிலும் அவர் பெயரைக் கத்தினார்கள் என்று சொல்லுங்கள். அவர் பெயர் ஆறுமுகம் என்றும் சொல்லுங்கள்.