ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள்!

உங்களில் தபால்தலை சேகரிப்பவர்கள் எத்தனை பேர்? 1995-ஆம் ஆண்டு பிரிட்டன் அஞ்சல்துறை, ரக்பி லீக் விளையாட்டின் நூற்றாண்டை முன்னிட்டு ஐந்து தபால்தலைகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் படம். அவர்களில் நால்வர் பிரிட்டனில் பிறந்தவர்கள். ஐந்தாமவர் மட்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவர் பெயர் பிரையன் பெவன். ஒரு காலத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர் தபால்தலையில் இடம்பிடித்த கதைதான் இது.

முதலில் அந்த விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். ரக்பி லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். பந்து உருண்டையாக இருக்காது. முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். ஆனால், கையால் பந்தை முன்புறமாக எறியக்கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால் வரும் தோழருக்குத்தான் தர வேண்டும். எதிரணியினர் இடுப்பையும் காலையும் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். அவர்களிடம் சிக்காமல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் அதற்கு ‘டிரை’ என்று பெயர். பெவன் ஆடிய காலத்தில் ஒரு டிரைக்கு 3 புள்ளிகள்.

மைதானத்தின் இரு ஓரங்களிலும் நின்று ஆடும் வீரர்களுக்கு ‘விங்கர்’ என்று பெயர். கபடியில் பாடிச் செல்பவர் பிடியில் சிக்காமல் நழுவி வருகிறார் அல்லவா? அதே சாமர்த்தியத்துடன், பந்தோடு மைதானத்தின் நீளத்துக்கும் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் விங்கரின் வேலை.

பெவன் 1924-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று சிட்னி நகரில் பிறந்தார். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற உள்ளூர் அணிக்காக ஒருசில ஆட்டங்களே ஆடியிருந்தார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. அவர் கடற்படையில் சேர்ந்து கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தார்.

‘ஆஸ்திரேலியா’ என்ற போர்க்கப்பல் ஜப்பானியரின் தற்கொலை விமானத் தாக்குதலில் சேதமடைந்திருந்தது. 1945-இல் அது பழுது பார்ப்பதற்காக இங்கிலாந்து சென்றது. அந்தக் கப்பலில் பணியாற்றிய பெவனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கப்பல் பழுது பார்க்கப்படும் வரை சும்மா இருக்க அவருக்கு மனமில்லை. ரக்பி லீக் அங்கே புகழ்பெற்ற விளையாட்டு. ஏதாவது ஓர் அணியில் ஆட வாய்ப்புக் கேட்கலாம் என்று கிளம்பினார்.

முதலில் லீட்ஸ் அணியை அணுகினார். அவர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்து ஹன்ஸ்லெட் அணி. அங்கும் இல்லை என்றே பதில் வந்தது. 21 வயது இளைஞருக்கு, தெரிந்தவர்கள் யாருமில்லாத ஊரில், இரண்டு கதவுகளும் மூடிக்கொண்டால் எப்படி இருந்திருக்கும்!

அவர் மூன்றாவது கதவையும் தட்டினார். வாரிங்டன் என்ற ஊரின் அணியில் முன்பு பில் ஷாங்க்லாண்ட் என்ற ஆஸ்திரேலியர் ஆடிப் புகழ் பெற்றிருந்தார். அவர் மூலமாக பெவனுக்கு அந்த அணியின் அறிமுகம் கிடைத்தது. வாரிங்டன் நிர்வாகிகள் அவரை ஆட விட்டுப் பார்த்தார்கள். 1945 நவம்பரில் அந்த அணிக்காக முதன்முதலாக மைதானத்தில் இறங்கினார். பிறகு கடற்படையிலிருந்து விடைபெறுவதற்காக ஆஸ்திரேலியா சென்றார். 1946-இல் மீண்டும் வாரிங்டன் திரும்பினார்.

அந்த முதல் முழுப் பருவத்திலேயே அவர் எடுத்த டிரைகள் 48! அந்தப் பருவத்தில் வேறு எந்த வீரரும் அத்தனை எடுக்கவில்லை.

பெவனைப் பார்த்தால் விளையாட்டு வீரர் என்றே சொல்ல முடியாது. ஒல்லியான உடம்பு. இளம் வயதிலேயே வழுக்கை விழுந்த தலை. முன்பற்கள் இல்லாத பொக்கை வாய். முழங்கால்களில் தடித்த கட்டுகள். யாரோ ஒரு தாத்தா வழி தவறி மைதானத்துக்குள் வந்துவிட்டார் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பந்து கைக்கு வரட்டும், அப்புறம்தான் வேடிக்கை! இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் திரும்புவார். வேகத்தைக் குறைப்பதுபோல் குறைத்துச் சட்டென்று பாய்வார். பிடிக்க வந்தவர்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பார்கள்.

1952-53 பருவத்தில் மட்டும் 72 டிரைகள் எடுத்தார். 1948-இலும் 1953-இலும் ஒரே ஆட்டத்தில் 7 டிரைகள் எடுத்துக் காட்டினார்.

1954-இல் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மோதின. லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஆட்டம் 4-4 என்று சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டம் பிராட்ஃபோர்டு நகரில் உள்ள ஆட்சல் மைதானத்தில் நடந்தது. கணக்கில் வந்த பார்வையாளர்கள் மட்டும் 1,02,569 பேர்! வாரிங்டன் 8-4 என்று வென்றது. அன்று டிரை எடுத்தவர்கள் பெவனின் தோழர்கள். எத்தனை பெரிய வீரராக இருந்தாலும் அணியில் அவர் 13 பேரில் ஒருவர்தானே!

1962 வரை வாரிங்டனுக்காக 620 ஆட்டங்களில் 740 டிரைகள் எடுத்தார். பிறகு பிளாக்பூல் பரோ அணியில் சேர்ந்து 1964 வரை ஆடினார். மொத்தக் கணக்கு 796 டிரைகள். ரக்பி லீக் வரலாற்றில் இதுவே முதலிடம். இரண்டாம் இடத்தில் இருக்கும் பில்லி பாஸ்டன் எடுத்தது 571. எவ்வளவு இடைவெளி என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

இத்தனை சாதித்தவருக்கு ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. தாய்நாடான ஆஸ்திரேலியாவின் அணியில் அவர் ஒரு முறைகூட ஆடியதில்லை. இங்கிலாந்தில் ஆடப் போனவர்களை அந்த நாட்டினர் அக்காலத்தில் தங்கள் அணிக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஆடிய வெளிநாட்டு வீரர்களைக் கொண்ட ‘பிற நாட்டவர்’ என்ற அணியில்தான் அவர் சர்வதேச ஆட்டங்களில் கலந்துகொண்டார்.

பெவன் 1991-ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று காலமானார். 1993-இல் வாரிங்டன் நகர மக்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலை பிற்பாடு அந்த அணியின் புதிய மைதானத்துக்கு மாற்றப்பட்டது. 2008-இல் ஆஸ்திரேலியா தன் ரக்பி லீக் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, நூறு ஆண்டுகளின் தலைசிறந்த அணி ஒன்றை அறிவித்தது. அதில் விங்கராக பிரையன் பெவனின் பெயரும் இருந்தது! தாய்நாடு அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

குழந்தைகளே! வாரிங்டன்காரர்கள் பெரிய மாயம் எதுவும் செய்துவிடவில்லை. பெவனை ஆட விட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நாளை மாலை உங்கள் பள்ளி மைதானத்தில் அணி பிரிப்பீர்கள். எல்லோரையும் எடுத்த பிறகும் ஒல்லியாக, கூச்சத்தோடு ஒரு பிள்ளை ஓரமாக நிற்கலாம். ஆளைப் பார்த்து எடை போடாமல் பந்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஓரமாக நிற்கும் பிள்ளை நீங்களாகவே இருந்தால், மூன்றாவது கதவையும் தட்டிப் பாருங்கள்!