சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

ஆரணியில் பட்டுத் தறி ஓட வேண்டுமானால், கால் மிதிக்க வேண்டும். கை நாடாவை ஓட்ட வேண்டும். கால் ஓய்ந்துவிட்டால் பிழைப்பு என்ன ஆகும்?

இதற்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர் ஒரு பெண் டாக்டர். ஆரணிக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வேலூரில் வாழ்ந்த அவர் பெயர் மேரி வர்கீஸ்.

1925-ல் கேரளத்தில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தார்.

கார் விபத்து

1954 ஜனவரியில் அவர் சென்ற கார் விபத்துக்கு உள்ளானது. தண்டுவடம் அடிபட்டது. கால்கள் மரத்துவிட்டன.

தண்டுவடம் அடிபட்டவர்களில் பலருக்கு, கால் மரத்தாலும் வலி விடுவதில்லை. கெட்ட நரம்புகள் பொய்ச் சேதி அனுப்பும். தொட்டால் தெரியாத காலே எரியும், குத்தும். இது ஆயுள் முழுவதும் தொடரலாம்.

மேரி அம்மையார் உட்காரப் பழகவே வெகுகாலம் ஆயிற்று. அப்போது டாக்டர் பால் பிராண்டு ஒரு வழி காட்டினார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். அம்மையார் சக்கர நாற்காலியில் இருந்தபடி கத்தியைப் பிடித்தார். அந்த நோயாளிகளுக்கோ கையில் வலியே தெரியாது. அதனால்தான் கைகள் புண்ணாகிக் கெட்டன.

மறுவாழ்வு நிலையம்

பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றார். 1963-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவின் தலைவரானார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முதுகு முறிந்தவர்கள் அங்கே எழுந்து உட்காரவும், படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்ளவும், தொழில் செய்யவும் கற்றார்கள்.

1972-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 1986-ல் மறைந்தார்.

உடம்பு முழுவதும் தேறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கால் ஓய்ந்தது, கை இருந்தது. அந்தக் கையால் பல கைகளுக்கு வேலை கொடுத்தார்.